சேலத்துக்கு வந்த கவ்பாய்கள்: சிக்கனப் படத் தயாரிப்பில் ஒரு பாடம்

முன்னுரை

குதிரை, தொப்பி, இடுப்பில் துப்பாக்கி, புழுதி பறக்கும் ஒற்றைத் தெரு. இவற்றைச் சொன்னதும் நம் கண்முன் வருவது ‘வெஸ்டர்ன்’ எனப்படும் கவ்பாய் படம். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறியவர்களின் வாழ்வை வைத்து எடுக்கப்பட்ட இவ்வகைப் படங்கள் 1940களிலும் 1950களிலும் நூற்றுக்கணக்கில் வெளிவந்தன. அவற்றுள் புகழ்பெற்ற பெரிய படங்கள் சில. மிகக் குறைந்த செலவில், மிகக் குறைந்த நாள்களில் எடுக்கப்பட்டு, பார்த்ததும் மறக்கப்பட்ட சின்னப் படங்களே பல.

மறக்கப்பட்ட படங்களைப் பற்றி ஒரு பல்கலைக்கழகத் தமிழ் மலரில் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். அந்தச் சின்னப் படங்களை எடுத்த அதே அமெரிக்கக் கூட்டம் 1950களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் சேலத்துக்கு வந்து, ஒரு தமிழ்ப் பட நிறுவனத்தோடு சேர்ந்து படம் எடுத்தது. அந்தப் படம் ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’ என்றும் தமிழில் ‘காடு’ என்றும் 1952ஆம் ஆண்டு வெளிவந்தது. படத்தின் தரத்தைவிட, அது உருவான முறை நமக்குப் பாடமாக அமைகிறது. பணம் குறைவாக உள்ளவர்கள் எப்படிப் படம் எடுத்தார்கள், அப்படி எடுக்கும்போது எதைப் பெற்றார்கள், எதை இழந்தார்கள் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ‘பி’ படம் என்றால் என்ன?

முதலில் ஒரு கலைச்சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 1930களில் அமெரிக்கக் கொட்டகைகள் ஒரே கட்டணத்துக்கு இரண்டு படங்கள் காட்டத் தொடங்கின. முதன்மைப் படம் ‘ஏ’ படம். அதனுடன் இணைத்துக் காட்டப்படும் சிறிய படம் ‘பி’ படம். இந்தப் பெயர் தரத்தைக் குறிக்க வந்ததன்று. காட்சி வரிசையைக் குறிக்க வந்தது. பின்னாளில்தான் ‘பி’ என்றாலே மட்டமான படம் என்ற பொருள் ஒட்டிக்கொண்டது.

இரண்டு படங்களுக்கும் இருந்த உண்மையான வேறுபாடு கணக்கில் இருந்தது. ‘ஏ’ படத்துக்குக் கொட்டகைக்காரர் வசூலில் ஒரு விழுக்காட்டைப் பங்காகத் தருவார். கூட்டம் அதிகம் வந்தால் தயாரிப்பாளருக்கும் அதிகம் கிடைக்கும். ‘பி’ படத்துக்கோ நிலையான வாடகைதான். கொட்டகை நிரம்பி வழிந்தாலும், ஈ ஓட்டினாலும் அதே தொகைதான். ஆகவே ‘பி’ படம் எடுப்பவர் தமக்கு வரப்போகும் பணம் எவ்வளவு என்பதை ஏறக்குறைய முன்கூட்டியே அறிந்திருந்தார். வரவுக்கு மேல்வரம்பு உண்டு என்றால் செலவுக்கும் மேல்வரம்பு வேண்டும். விரலுக்குத் தக்க வீக்கம் என்பது நம் பழமொழி. ‘பி’ படத் தொழில் முழுவதும் இந்தப் பழமொழியின் மேல்தான் நின்றது.

இந்தக் கணக்குக்குக் கவ்பாய் படங்கள் பெரிதும் பொருந்தி வந்தன. காரணங்கள் எளியவை. கதை நடக்கும் இடம் பெரும்பாலும் திறந்தவெளி, வெயிலுக்கு விலையில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு அருகிலேயே பாறையும் புதரும் நிறைந்த பண்ணைகள் இருந்தன. சாட்ஸ்வொர்த் பகுதியில் இருந்த ஐவர்சன் பண்ணை அவற்றுள் பெயர்பெற்றது. காலையில் கிளம்பினால் மாலைக்குள் படக்குழு வீடு திரும்பிவிடலாம். தங்கும் செலவு இல்லை. ஒரே தெரு அரங்கம் பல படங்களில் பல ஊர்களாக நடித்தது. உடைகளும் சேணங்களும் படத்துக்குப் படம் கைமாறின. இரவுக் காட்சியைப் பகலிலேயே வடிகண்ணாடி போட்டு எடுத்தார்கள். முன்பு எடுத்த குதிரைத் துரத்தலையும் மாட்டு மந்தை ஓட்டத்தையும் வெட்டி, புதுப் படத்தில் ஒட்டினார்கள்.

2. கொட்டகைக்காரர் தயாரிப்பாளர் ஆன கதை

இத்தொழிலில் நம் கதைக்கு முக்கியமானவர் ராபர்ட் லிப்பர்ட். இவர் கலிபோர்னியாவில் வரிசையாகத் திரையரங்குகள் வைத்திருந்தவர். பெரிய ஸ்டுடியோக்கள் கேட்ட வாடகை கட்டுப்படியாகவில்லை. ‘நமக்கு வேண்டிய படத்தை நாமே எடுத்தால் என்ன?’ என்ற எண்ணத்தில் 1945ஆம் ஆண்டு ‘ஸ்கிரீன் கில்ட்’ என்ற நிறுவனத்தின் வழியாகத் தயாரிப்பில் இறங்கினார். பிறகு அது ‘லிப்பர்ட் பிக்சர்ஸ்’ ஆனது. முதலில் வெளிவந்த படமே ‘வைல்ட்ஃபயர்’ என்ற கவ்பாய் படம்தான்.

லிப்பர்ட் கலைஞர் அல்லர், கடைக்காரர். ஆனால் தம் வாடிக்கையாளரை அறிந்த கடைக்காரர். சனிக்கிழமை மதியம் கொட்டகைக்கு வரும் சிறுவர்களுக்கும் உழைப்பாளிகளுக்கும் என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அவருடைய நிறுவனத்தின் சிக்கனத்துக்கு எடுத்துக்காட்டாக 1950ஆம் ஆண்டில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். ஜேம்ஸ் எல்லிசன், ரஸ்ஸல் ஹெய்டன் என்ற இரு நடிகர்களை நாயகர்களாக வைத்து ஆறு கவ்பாய் படங்கள் திட்டமிடப்பட்டன. ‘ஹாஸ்டைல் கன்ட்ரி’, ‘மார்ஷல் ஆஃப் ஹெல்டொராடோ’, ‘க்ரூக்கட் ரிவர்’, ‘கொலராடோ ரேஞ்சர்’, ‘வெஸ்ட் ஆஃப் தி பிரேசோஸ்’, ‘ஃபாஸ்ட் ஆன் தி ட்ரா’ என்பன அவற்றின் பெயர்கள். தாமஸ் கார் என்ற ஒரே இயக்குநர். துணை நடிகர்களும் பெரும்பாலும் அதே ஆள்கள். ஆறு படங்களும் ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கப்படவில்லை. ஏறத்தாழ ஒரு மாத காலத்தில் ஆறும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டன!

இது எப்படி இயலும்? கதை வரிசையை மறந்துவிட வேண்டும். இட வரிசையை மட்டும் பார்க்க வேண்டும். கோச்சு வண்டி வாடகைக்கு வந்திருக்கிறதா? ஆறு படங்களிலும் உள்ள கோச்சு வண்டிக் காட்சிகளை அப்போதே முடித்துவிட வேண்டும். மதுக்கடை அரங்கம் போட்டாகிவிட்டதா? ஆறு படங்களின் மதுக்கடைச் சண்டைகளும் அடுத்தடுத்து நடக்க வேண்டும். நடிகர் தொப்பியையும் சட்டையையும் மாற்றிக்கொண்டு அடுத்த கதைக்குள் போய்விடுவார். இந்த ஆறு படங்களிலும் நாயகியாக நடித்த இளம்பெண் பின்னாளில் ஜூலி ஆடம்ஸ் என்ற பெயரில் ‘கிரீச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்’ (1954) படத்தின் நாயகியாக உலகப் புகழ் பெற்றார். அன்று அவருக்கும் மற்றவர்களுக்கும் இருந்த பெரிய சிக்கல், இந்தக் காட்சியில் தாம் யார் என்பதை நினைவில் வைத்துக்கொள்வதாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

3. குறைந்த செலவில் நிறைந்த படம்

இப்படி எடுத்தவை எல்லாம் குப்பை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே லிப்பர்ட் 1949இல் வெளியிட்ட ‘ஐ ஷாட் ஜெஸ்ஸி ஜேம்ஸ்’ என்ற படத்தை எடுத்துக்கொள்வோம். செய்தியாளராகவும் எழுத்தாளராகவும் இருந்த சாமுவேல் ஃபுல்லருக்கு இதுவே முதல் இயக்கம். படப்பிடிப்பு நாள்கள் பத்து.

ஜெஸ்ஸி ஜேம்ஸ் அமெரிக்க நாட்டார் கதைகளில் பேர்பெற்ற கொள்ளைக்காரன். நம் கட்டபொம்மன் கதையில் எட்டப்பனை யாரும் நாயகனாக வைப்பதில்லை. ஃபுல்லரோ, ஜெஸ்ஸியை முதுகில் சுட்டுக் கொன்ற நண்பன் பாப் ஃபோர்டை நடுவில் வைத்தார். படத்தில் ஒரு காட்சி. தெருப்பாடகன் ஒருவன், எதிரில் இருப்பவன் யார் என்று தெரியாமலே, ஜெஸ்ஸியைக் கொன்ற கோழையைப் பழித்துப் பாடுகிறான். ‘அந்த ஆள் நான்தான்’ என்று ஃபோர்டு சொன்னதும் பாடகன் நடுங்குகிறான். ஃபோர்டு அவனை விடவில்லை. பாட்டை முடிக்கச் சொல்கிறான். பாடுபவன் முகம், கேட்பவன் முகம், காட்சி அவ்வளவுதான். குதிரை இல்லை, கூட்டம் இல்லை, குண்டு வெடிக்கவில்லை. செலவும் இல்லை.

கூட்டத்தைக் காட்டப் பணமில்லாதவர் முகத்தைக் காட்டினார். முகத்தை உற்றுப் பார்த்ததால் குற்ற உணர்வைப் பற்றிய படமாக அது மாறியது. வறுமை தானாகக் கலையை உண்டாக்காது. ஆனால் சொல்ல ஒன்று உள்ளவனிடம் வறுமை வந்து சேரும்போது, எதை விடலாம், எதை விடக் கூடாது என்ற தெளிவு பிறக்கிறது.

4. ஏற்காடு மலையடிவாரத்தில் ஒரு படத் தொழிற்சாலை

இப்போது சேலத்துக்கு வருவோம்.

திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி.ஆர். சுந்தரம் (1907–1963) இங்கிலாந்து சென்று நெசவுத் தொழில்நுட்பம் படித்தவர். துணி ஆலைக்குப் போக வேண்டியவர் படத் துறைக்கு வந்தார். 1935ஆம் ஆண்டு சேலத்தில், ஏற்காடு மலையடிவாரத்தில், ‘மாடர்ன் தியேட்டர்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். 1937இல் ‘சதி அகல்யா’ அதன் முதல் படமாக வெளிவந்தது. அடுத்த ஆண்டே மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ (1938) அங்கிருந்து வந்தது. பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த ‘உத்தம புத்திரன்’ (1940), எம்.ஜி.ஆர். நடித்த ‘மந்திரி குமாரி’ (1950), தமிழின் முதல் முழு நீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956), மலையாளத்தின் முதல் வண்ணப் படமான ‘கண்டம் பெச்ச கோட்டு’ (1961) எல்லாம் மாடர்ன் தியேட்டர்ஸ் தந்தவை. மொத்தத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். கலைஞர் மு. கருணாநிதியும் கண்ணதாசனும் அங்கே எழுதியவர்கள்.

சுந்தரத்தைப் பற்றி எழுதுவோர் அனைவரும் குறிப்பிடும் ஒரு பண்பு கண்டிப்பு. நேரத்துக்கு வர வேண்டும். எழுதி முடித்த கதையோடு படப்பிடிப்பைத் தொடங்க வேண்டும். குறித்த நாளில் முடிக்க வேண்டும். தொழில்நுட்பக் கலைஞர்கள் பலர் மாதச் சம்பளக்காரர்கள். ஆலையில் தறி ஓடுவதுபோல் ஸ்டுடியோவில் படம் ஓட வேண்டும் என்பது அவர் கொள்கை. படப்பிடிப்புத் தளம் முதல் ஒலிப்பதிவு வரை ஒரே வளாகத்தில் அமைந்திருந்ததால் வேலை தடையின்றி நடந்தது. சென்னையிலிருந்து வரும் நடிகர்கள் சேலத்தில் தங்கித்தான் நடிக்க வேண்டும். காலையில் ஒரு படம், மாலையில் வேறு படம் என்று ஓட முடியாது.

இங்கே ஓர் ஒப்பீடு தேவை. லிப்பர்ட்டின் படம் எழுபது நிமிடம். துணைப்படமாக இருந்தால் போதும். சுந்தரத்தின் தமிழ்ப் படமோ தனித்து ஓட வேண்டும். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டும்; பாட்டு வேண்டும், நடனம் வேண்டும், நகைச்சுவை வேண்டும். ஆகவே அமெரிக்கர் போல் நீளத்தைக் குறைத்து அவரால் சிக்கனம் செய்ய இயலவில்லை. வீணாகும் நாளைக் குறைத்துத்தான் சிக்கனம் செய்தார். வழி வேறு, கணக்கு ஒன்றே.

அமெரிக்கர்கள் சேலத்துக்குப் புதியவர்களும் அல்லர். ஓஹையோ மாநிலத்தில் பிறந்த எல்லிஸ் ஆர். டங்கன், தம்முடன் கலிபோர்னியாவில் திரைக்கலை படித்த மாணிக் லால் டாண்டனின் அழைப்பால் 1935இல் இந்தியா வந்தார். ‘சதி லீலாவதி’ (1936), ‘அம்பிகாபதி’ (1937), ‘சகுந்தலை’ (1940), ‘மீரா’ (1945) முதலிய படங்களை இயக்கினார். தமிழ் தெரியாமலே தமிழ்ப் படங்களை இயக்கிய இவர், மாடர்ன் தியேட்டர்ஸுக்காக ‘பொன்முடி’ (1950), ‘மந்திரி குமாரி’ ஆகியவற்றிலும் பணியாற்றினார். ஹாலிவுட் முறையும் சேலத்து முறையும் கைகுலுக்க ஏற்கெனவே ஒரு பாலம் இருந்தது.

5. ‘தி ஜங்கிள்’ என்கிற ‘காடு’

1950களின் தொடக்கத்தில் லிப்பர்ட் ஒரு புதிய வழியைக் கண்டார். சொந்த நாட்டில் படம் எடுக்கும் செலவு ஏறிக்கொண்டே போனது. வெளிநாட்டில் ஒரு ஸ்டுடியோவைப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டு, அமெரிக்கர்களுக்கு அறிமுகமான சில முகங்களை மட்டும் அனுப்பினால் என்ன? 1951இல் இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனத்துடன் இவ்வாறே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். அமெரிக்க நடிகர் ஒருவர் போவார். மற்ற வேலை முழுவதையும் ஆங்கிலேயர் செய்வார்கள். சேலத்தில் நடந்ததும் இதே வகைதான்.

சேலத்துப் படத்துக்கு வந்தவர்கள் யார் என்று பார்த்தால், அது கவ்பாய் உலகத்தின் ஒரு கிளை என்பது புரியும். இயக்குநர் வில்லியம் பெர்க், குறைந்த செலவுக் கவ்பாய் படங்களைத் தயாரித்தும் இயக்கியும் பழகியவர். ஜானி வைஸ்முல்லர் நடித்த ‘ஜங்கிள் ஜிம்’ (1948) படத்தை இயக்கியவர். நாயகன் ராட் கேமரன் 1940களில் கவ்பாய் வேடங்களால் பெயர்பெற்ற நெடிய உருவக்காரர். நாயகி மேரி வின்சர், லிப்பர்ட்டின் ‘லிட்டில் பிக் ஹார்ன்’ (1951) என்ற வெஸ்டர்ன் படத்தில் நடித்தவர். சீசர் ரொமெரோ ‘சிஸ்கோ கிட்’ என்ற மெக்சிகோ கவ்பாயாக வலம் வந்தவர். பின்னாளில் 1960களின் ‘பேட்மேன்’ தொலைக்காட்சித் தொடரில் ஜோக்கராகச் சிரித்தவரும் இவரே. ஒளிப்பதிவாளர் கிளைட் டி வின்னா, ஆஸ்கார் விருது பெற்றவர். தொலைதூர நிலங்களுக்குச் சென்று படமெடுப்பதில் வல்லவர். கதையை எழுதிய கேரல் யங் டார்ஸான் படங்களுக்கு எழுதியவர்.

மாடர்ன் தியேட்டர்ஸ் தன் பங்குக்கு ஸ்டுடியோவையும் தொழிலாளர்களையும் துணை நடிகர்களையும் யானைகளையும் தந்தது. தயாரிப்பில் டங்கனின் பங்கும் இருந்தது. இசையில் ஜி. ராமநாதனின் பெயர் உண்டு. நம் எம்.என். நம்பியார் இதில் நடித்தார். வில்லன் நடிகராகத் தமிழ் மக்களை நடுங்க வைத்தவர் ஓர் ஆங்கிலப் படத்திலும் முகம் காட்டினார் என்பது இன்றைய இளைஞர் பலர் அறியாத செய்தி.

கதை இதுதான். இந்தியச் சமஸ்தானம் ஒன்றில் யானைகள் வெறிகொண்டு ஊர்களை அழிக்கின்றன. காரணத்தைக் கண்டறிய இளவரசியும் அவளுடைய ஆலோசகரும் ஓர் அமெரிக்க வேட்டைக்காரனும் காட்டுக்குள் செல்கிறார்கள். அங்கே அவர்கள் காண்பது, அழிந்துபோனதாக எண்ணப்பட்ட சடை மாமூத யானைகள்! அந்த மாமூதங்களுக்கு அஞ்சித்தான் காட்டு யானைகள் ஊருக்குள் ஓடிவருகின்றன.

பனிக்கால மாமூதங்களுக்குச் சேலத்தில் எங்கே போவது? பழக்கிய யானைகளுக்குச் சடை உரோமப் போர்வை போர்த்தி நடக்க விட்டார்கள். படம் 73 நிமிடம் ஓடியது. வண்ணமும் இல்லை, பழுப்புச் சாயமேற்றிய கறுப்பு வெள்ளைப் படியாக அமெரிக்காவில் 1952இல் வெளியானது. வண்ணத்துக்குச் செலவிடாமல், ‘வெறும் கறுப்பு வெள்ளை அல்ல’ என்று காட்டிக்கொள்ளும் மலிவான உத்தி இது. அன்றைய அமெரிக்கச் சிறுவன் ஒருவனுக்கு அந்தச் சடை யானை நிச்சயம் வியப்பூட்டியிருக்கும். இன்று பார்ப்பவருக்குச் சிரிப்பு வரலாம். அந்த வெயிலில் கம்பளி சுமந்து நின்ற யானைகளையும் அவற்றின் பாகன்களையும் நினைத்தால் சிரிப்பு சற்று அடங்கும்.

6. தொப்பியை மாற்றினாலும் கதை மாறவில்லை

‘தி ஜங்கிள்’ காட்டுப் படம்தானே, வெஸ்டர்ன் எப்படி ஆகும் என்ற கேள்வி எழலாம். உள்ளே இருக்கும் எலும்புக்கூட்டைப் பாருங்கள். எல்லைப்புற ஊர், அதற்கு ஓர் ஆபத்து, வெளியிலிருந்து வரும் தனியாள், அவன்மேல் ஊராரின் ஐயம், துப்பாக்கி, இறுதி மோதல். கவ்பாய் தொப்பியைக் கழற்றி வேட்டைக்காரர் தொப்பியை வைத்திருக்கிறார்கள். பண்ணையாரின் மகள் இருக்க வேண்டிய இடத்தில் இளவரசி. மந்தை மிரண்டு ஓடும் காட்சிக்குப் பதிலாக யானைக் கூட்டம்.

இன்னும் ஓர் ஒற்றுமை உண்டு. அது மனத்தை உறுத்துவது. அக்கால வெஸ்டர்ன் படங்களில் அமெரிக்காவின் பூர்வகுடி மக்கள் பெரும்பாலும் பின்னணியாகவே இருந்தார்கள். முக்கியமான பூர்வகுடிப் பாத்திரம் வந்தால் அதை வெள்ளையர் ஒருவர் வேடமிட்டு நடிப்பார். சேலத்துப் படத்திலும் அதுவே நடந்தது. இந்திய இளவரசியாக அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிறந்த மேரி வின்சர். ஆலோசகர் ராமா சிங்காக நியூயார்க்கில் பிறந்த சீசர் ரொமெரோ. நிலம் நம்முடையது, யானை நம்முடையது, உழைப்பு நம்முடையது. கதையின் நடுவே நிற்கும் உரிமை மட்டும் நம்முடையதாக இல்லை.

இதை வைத்து டி.ஆர். சுந்தரத்தைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவர் நிலையிலிருந்தும் பார்க்க வேண்டும். விடுதலை பெற்று ஐந்தாண்டுகூட நிறையாத நாட்டில், தலைநகரிலோ மாநில நகரிலோ இல்லாத ஒரு ஸ்டுடியோ, ஹாலிவுட் குழுவைத் தன் வளாகத்துக்கு வரவழைத்தது. சேலத்துத் தொழிலாளர்கள் ஆஸ்கார் பெற்ற ஓர் ஒளிப்பதிவாளரின் அருகில் நின்று வேலை பார்த்தார்கள். நான்கே ஆண்டுகளில் அதே ஸ்டுடியோ தமிழுக்கு முதல் வண்ணப் படத்தைத் தந்தது. ஒன்றுக்கு மற்றொன்று நேரடிக் காரணம் என்று சொல்ல வரவில்லை. எந்தப் புதுமைக்கும் அஞ்சாத ஓர் இடத்தில் இரண்டும் நிகழ்ந்தன என்பதே கருத்து. பெறுவதும் இழப்பதும் ஒரே ஒப்பந்தத்தில் இருந்தன. படிப்பவர் இரண்டையும் பார்க்க வேண்டும்.

7. தொப்பி நம் தலைக்கு வந்தது

அமெரிக்காவில் ‘பி’ கவ்பாய் படங்கள் 1950களின் நடுவில் மறைந்தன. தொலைக்காட்சி அதே கதைகளை வீட்டுக்குள் இலவசமாகக் காட்டியபோது, காசு கொடுத்துப் பார்க்க யார் வருவார்கள்? ஆனால் அந்தத் தொப்பி தமிழ்த் திரைக்கு வந்து சேர்ந்தது. தேவர் பிலிம்ஸ் தயாரித்த ‘வேட்டைக்காரன்’ (1964) படத்தில் எம்.ஜி.ஆர். கவ்பாய் உடையில் தோன்றினார். சின்னப்பா தேவரும் சுந்தரத்தைப் போலவே குறித்த நாளில் படத்தை முடிப்பதில் பெயர்பெற்றவர் என்பது குறிப்பிடத்தக்கது.

சுந்தரத்தின் மறைவுக்குப் பின் மாடர்ன் தியேட்டர்ஸ் ஜெய்சங்கரை வைத்து ‘வல்லவன் ஒருவன்’ (1966) போன்ற துப்பறியும் படங்களை எடுத்தது. அதே ஜெய்சங்கர், ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கிய ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’ (1972) முதலிய படங்களில் குதிரையேறினார். தெலுங்கில் ‘மோசகாள்ளகு மோசகாடு’ (1971) வெளிவந்ததும் இக்காலத்தில்தான். 2010இல் சிம்புதேவன் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ எடுத்தபோது, கதை நடக்கும் கவ்பாய் ஊருக்கு ஜெய்சங்கர்புரம் என்று பெயரிட்டார். கேலிப் படத்துக்குள் ஒரு நன்றிக்கடன்!

1952இல் நம்மவர் பின்னணியில் நின்றார்கள். இருபது ஆண்டுகளில் குதிரையின் மேல் ஏறிவிட்டார்கள். அந்தப் படங்கள் எல்லாம் உயர்ந்த படங்கள் என்று சொல்ல இயலாது. எனினும் கதையின் நடுவிடம் கைமாறியது.

8. பினாங்கும் இந்தக் கதையும்

இக்கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. லிப்பர்ட் போலவே, திரையரங்குகளை வைத்திருந்தவர்கள் தயாரிப்பாளர்களாக மாறிய வரலாறு மலாயாவிலும் நடந்தது. ஷா சகோதரர்கள் தங்கள் கொட்டகைகளை நிரப்பச் சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸில் ஸ்டுடியோ அமைத்தார்கள். 1947 முதல் அங்கே மலாய்ப் படங்கள் உருவாயின. அவற்றை இயக்க இந்தியாவிலிருந்து ஆள் வந்தனர். பி.எஸ். ராஜ்ஹன்ஸ் பினாங்கு மண்ணின் மைந்தர் பி. ரம்லியை 1948இல் படத்துறைக்கு அழைத்துச் சென்றார். 1950இல் ‘பக்தி’ என்ற படத்தில் ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகன் ஆக்கியவர் எல். கிருஷ்ணன், சென்னையில் பிறந்து, சிறு வயதிலேயே பினாங்குக்கு வந்து வளர்ந்த தமிழர். சேலத்தில் அமெரிக்கர் இயக்க, தமிழர் பின்னணியில் நின்ற அதே காலத்தில், சிங்கப்பூரில் தமிழர் இயக்க, பினாங்கு மலாய் இளைஞர் நாயகனாக நின்றார். 1955இல் ‘பெனாரெக் பெச்சா’ படத்தின் மூலம் ரம்லியே இயக்குநரானார். கற்றுக்கொண்டவர் கற்றுக்கொடுப்பவரின் நாற்காலிக்கு வர ஏழாண்டுதான் ஆனது.

நம் ஜார்ஜ் டவுனில் ஓடியன், ரெக்ஸ், கத்தே, வின்சர், மெஜெஸ்டிக் என எத்தனை கொட்டகைகள் இருந்தன! அவற்றில் ஆபரேட்டராகவும் நுழைவுச்சீட்டுக் கிழிப்பவராகவும் விளம்பரப் பலகை எழுதுபவராகவும் வேலை பார்த்தவர்களின் பெயர்களை யார் எழுதி வைத்தார்கள்? தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் பார்த்த தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு மட்டும் ஏற்காடு சாலையில் நிற்கிறது. உள்ளே இருந்த தளங்கள் போய்விட்டன. வளைவாவது மிஞ்சியது. நம் கொட்டகைகளில் சிலவற்றுக்கு அதுவும் இல்லை.

முடிவுரை

மலேசியத் தமிழ்த் திரைப்படம் இன்று எதிர்நோக்கும் சிக்கலும் லிப்பர்ட்டின் சிக்கலும் அடிப்படையில் ஒன்றே. பார்வையாளர் எண்ணிக்கைக்கு ஒரு மேல்வரம்பு உண்டு. ஆகவே செலவுக்கும் உண்டு. அந்த வரம்புக்குள் நின்று சொந்த மண்ணின் கதையைச் சொல்ல முடியும் என்பதற்கு ‘ஜகாட்’ (2015) சான்று. சிறு செலவில் உருவான அத்தமிழ்ப் படம் 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வு பெற்றது. அதில் சடை யானை இல்லை. வெளியிலிருந்து வந்த நாயகனும் இல்லை. நம் முகங்களே இருந்தன.

பத்து நாளில் படமெடுத்த ஃபுல்லரிடமிருந்து துணிவையும், ஆறு படத்தை ஒன்றாக எடுத்த லிப்பர்ட் குழுவிடமிருந்து திட்டமிடுதலையும், சேலத்துச் சுந்தரத்திடமிருந்து கண்டிப்பையும் நாம் கற்கலாம். ‘காடு’ படத்திடமிருந்து கற்க வேண்டியது வேறொன்று: கூட்டு முயற்சியில் கையெழுத்திடும் முன், கதையின் நடுவில் யார் நிற்கப் போகிறார் என்று கேட்டுக்கொள்வது.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. நிலையான வாடகை முறைக்கும் விழுக்காட்டுப் பங்கு முறைக்கும் உள்ள வேறுபாடு ஒரு படத்தின் கதையையும் நீளத்தையும் எவ்வாறு பாதிக்கிறது?

2. கதை வரிசையை விட்டு இட வரிசைப்படி படமெடுப்பதால் நடிகருக்கு ஏற்படும் இடர்கள் யாவை?

3. ‘தி ஜங்கிள்’ கதையை இளவரசியின் ஆலோசகர் பார்வையிலிருந்து சொல்ல வேண்டுமானால் எந்தக் காட்சிகள் மாற வேண்டும்?

4. உங்கள் குடும்பத்தில் அல்லது அண்டை அயலில் பழைய கொட்டகை ஒன்றில் வேலை பார்த்தவர் எவரேனும் உண்டா? இருந்தால், இந்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அவரிடம் போய் உட்காருங்கள். என்ன படம் ஓடியது என்று மட்டும் கேட்காமல், அன்று அவருடைய வேலை என்ன, சம்பளம் என்ன, உடன் வேலை செய்தவர்கள் யார் யார் என்றும் கேட்டு எழுதுங்கள். அடுத்த மலரின் கட்டுரை அங்கேதான் இருக்கிறது.